போட்டோஷாப் வாடகை கட்டாமல் படம் திருத்த: எதை எடுக்கலாம், எதை விடலாம்

“போட்டோஷாப்புக்குப் பதிலா ஓசியில எது நல்லா இருக்கும்?” என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முடித்த படம் எங்கே போகப்போகிறது? வாட்ஸ்அப்புக்கா, ஆல்பம் போடும் லேபுக்கா, ஆஃப்செட் அச்சகத்துக்கா, இல்லை போட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி ஃபைலாகவே வேண்டும் என்று அடம்பிடிக்கும் இன்னொரு டிசைனருக்கா? அதைச் சொல்லிவிட்டால் பாதி அலசல் முடிந்துவிடும். வசதிப் பட்டியலை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் லேயர் இருக்கிறது, லேயரில் வேண்டாத இடத்தை மறைக்கும் மாஸ்க் இருக்கிறது, வெளிச்சம் திருத்தும் கர்வ்ஸ் இருக்கிறது. வேலைக்கு உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றும் எங்கே காலை வாருகிறது என்று தெரியும்.

முதலில் விலை. 2012இல் வந்த சிஎஸ்6 வரை போட்டோஷாப்பை ஒருமுறை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். 2013 மே மாதம் அடோபி நிறுவனம் இனிமேல் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. அதே நிறுவனத்தின் இன்னொரு படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. சொந்தமாக வாங்க முடிந்த கடைசிப் பதிப்பு 2015இல் வந்த லைட்ரூம் 6. பிறகு போட்டோஷாப், லைட்ரூம் இரண்டையும் சேர்த்து அமெரிக்காவில் மாதம் 9.99 டாலருக்குக் கிடைத்த திட்டம்தான் பலரைப் பிடித்து வைத்திருந்தது. 2025 ஜனவரியிலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்கு அதுவும் கிடையாது, 19.99 டாலர் திட்டத்துக்குத்தான் போக வேண்டும். இதில் இன்னொரு கொக்கி உண்டு. மாதாமாதம் கட்டினாலும் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு என்றால், நடுவில் விலகும்போது மிச்ச மாதங்களின் தொகையில் பாதியைக் கட்டச் சொல்வார்கள். இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைத்தார்கள் என்று நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷனின் பரிந்துரையில் அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்கே போட்டது.

தினமும் பத்து மணி நேரம் இதிலேயே சம்பாதிப்பவருக்கு இந்தச் சந்தா ஒரு செலவே இல்லை. அவர் இந்த அலசலை இங்கேயே நிறுத்திவிடலாம். மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்குபவருக்கும், படிக்கும் பிள்ளைக்கும், சின்ன ஊர் ஸ்டுடியோவுக்கும்தான் இது உறுத்துகிறது.

கிராக் செய்த காப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் உண்மையான போட்டியாளர் அதுதான். 2002இல் வந்த போட்டோஷாப் 7.0 இன்றும் பல ஸ்டுடியோக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆல்பம் தாள் ஒட்டவும் பாஸ்போர்ட் படம் வெட்டவும் அது போதும்தான். இன்றைய கேமராவின் ரா ஃபைலை, அதாவது சென்சார் பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைலை, அது திறக்காது. புதிய பதிப்பின் கிராக்கைத் தேடிப் போனால் அதோடு என்ன வைரஸ் வருகிறது என்பது வாடிக்கையாளரின் கல்யாணப் படங்கள் முழுவதும் பூட்டுப்பட்ட பிறகுதான் தெரியும். இலவசமாகவே நல்ல மென்பொருள் கிடைக்கும் காலத்தில் இந்தத் தலைவலி எதற்கு?

சரி, மாற்றுகளுக்கு வருவோம். இதில் இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரா ஃபைலை எடுத்து வெளிச்சம், நிறம், நாய்ஸ் என்னும் புள்ளிப்புள்ளியான பிசிறு ஆகியவற்றைச் சரிசெய்வது ஒன்று. அது லைட்ரூம் வேலை. லேயர் போட்டு வெட்டி ஒட்டி, எழுத்து வைத்து, முகம் திருத்துவது இன்னொன்று. அது போட்டோஷாப் வேலை. போட்டோஷாப்புக்கு மாற்று தேடி வருபவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் தேவைப்படுவது லைட்ரூமுக்கு மாற்று.

லேயர் வேலை: கிம்ப், அஃபினிட்டி, போட்டோபியா

கிம்ப் இவற்றில் மூத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995இல் தொடங்கியது. முழுக்கத் தன்னார்வலர்களால் நடப்பது என்பதால் வேகம் குறைவு. 2.10 பதிப்பு 2018 ஏப்ரலில், 3.0 பதிப்பு 2025 மார்ச்சில். நடுவில் ஏழு வருடம்! அந்தக் காத்திருப்புக்குப் பலன் இருந்தது. 2.10 வரை கர்வ்ஸோ பிளரோ போட்டால் அது படத்தோடு கலந்துவிடும். நாளைக்கு மனசு மாறினால் அன்டூதான் கதி. 3.0இல் ஃபில்டர்கள் லேயர் மேலேயே தனியாக நிற்கின்றன. லேயரின் பக்கத்தில் இருக்கும் சின்ன ‘எஃப்எக்ஸ்’ குறியைத் தட்டி மறுபடி மாற்றலாம், அணைக்கலாம். போட்டோஷாப்பின் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (படத்தைத் தொடாமல் திருத்தத்தை மட்டும் தனி லேயராக வைப்பது) அளவுக்கு இது கைக்கு வரவில்லை. லேயர் குரூப் மேல் ஃபில்டர் வைத்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. 2.10க்கு எழுதிய பழைய பிளகின்கள் பல 3.0இல் அப்படியே ஓடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

போட்டோஷாப்பில் கை பழகியவரை கிம்ப் முதல் வாரத்தில் நிச்சயம் எரிச்சல்படுத்தும். கன்ட்ரோல்-எஸ் அடித்தால் அதன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவத்தில் மட்டும்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’டுக்குத் தனியாகப் போக வேண்டும். இது தப்பான முடிவு என்று 2012இலிருந்து திட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இப்போது அதுதான் சரி என்று தோன்றுகிறது, லேயரெல்லாம் போய்விட்ட ஜேபெக்கை மூலத்தின் மேல் தெரியாமல் எழுதித் தொலைக்க வாய்ப்பு குறைவு. ஷார்ட்கட் விசைகள்தான் பிரச்சினை என்றால் போட்டோகிம்ப் என்ற இலவசத் தொகுப்பு கிம்ப்பின் விசைகளையும் கருவிகளின் இடத்தையும் போட்டோஷாப் போல மாற்றிக் கொடுக்கிறது.

அஃபினிட்டியின் கதை வேறு. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருக்கும் செரிஃப் நிறுவனம் 2015இல் மேக்குக்கும், 2016 இறுதியில் விண்டோஸுக்கும் அஃபினிட்டி போட்டோவைக் கொண்டுவந்தது. ஒரே ஒருமுறை ஐம்பது டாலர், சந்தா கிடையாது என்பதுதான் அதன் கொடி. 2024 மார்ச்சில், இணையத்தில் டிசைன் செய்யும் சேவை நடத்தும் கேன்வா நிறுவனம் செரிஃபை வாங்கியது. 2025 அக்டோபர் 30 அன்று போட்டோ, டிசைனர், பப்ளிஷர் மூன்றையும் ஒன்றாக்கி, ‘அஃபினிட்டி’ என்ற ஒரே மென்பொருளாக, இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். கேன்வா கணக்கு ஒன்று வேண்டும். ஏஐ கருவிகள் கேன்வாவுக்குக் காசு கட்டுபவர்களுக்கு மட்டும். லினக்ஸில் ஓடாது.

வேலையில் உட்கார்ந்தால், காசு போடாத மாற்றுகளில் போட்டோஷாப்புக்கு மிக அருகில் நிற்பது இதுதான், சந்தேகமில்லை. அட்ஜஸ்ட்மென்ட் லேயர் உண்டு. அச்சகத்தின் நான்கு மை நிற முறையான சிஎம்ஒய்கே-யில் நேரடியாக வேலை செய்யலாம். பனோரமா ஒட்டுவதும், வெவ்வேறு ஃபோகஸில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டேக்கிங்கும் உள்ளேயே இருக்கின்றன. முகம் திருத்துபவர்கள் விரும்பும் ஃப்ரீக்வென்சி செபரேஷனுக்கு மெனுவிலேயே ஒரு கட்டளை: தோலின் நிறம் ஒரு லேயர், துளை, ரோமம் போன்ற நுண்விவரம் இன்னொரு லேயர். கீழ் லேயரில் திட்டுத்திட்டான நிறத்தைச் சமப்படுத்தினாலும் மேலே தோல் தோலாகவே இருக்கும், மாவு பூசிய முகம் வராது. கிம்ப்பிலும் ‘வேவ்லெட் டிகம்போஸ்’ இதே வேலையைச் செய்கிறது; அது இரண்டாகப் பிரிக்காமல் பல அடுக்காகப் பிரித்துக் கொடுக்கும். பழகியவருக்கு அதில் கட்டுப்பாடு அதிகம், புதியவருக்கு எந்த அடுக்கில் கை வைப்பது என்றே புரியாது.

தமிழ் எழுத்து வைக்கும் வேலை இருக்கிறதா? அப்படியானால் கணக்கு தலைகீழாகும். எந்த மென்பொருளை இறக்கினாலும் முதலில் எழுத்துக் கருவியை எடுத்து யூனிகோட் எழுத்துருவில் ‘கொக்கு’ என்று தட்டிப் பாருங்கள். கிம்ப் அதைச் சரியாகக் காட்டும். இந்திய மொழி எழுத்துகளைக் கோக்கும் நூலகங்கள் அதன் அடித்தளத்திலேயே இருக்கின்றன. அஃபினிட்டி 2ஆம் பதிப்பு வரை இதில் தோற்றது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கு’ உடைந்து ‘க’ தனியாகவும் உகரக் குறி தனியாகவும் கிடக்கும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் விருப்பத் தேர்வுகளில் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கூத்து நடக்கும். பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள் ஃப்ளெக்ஸ் கடைகளில் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அவை யூனிகோடே இல்லை என்பதால் எந்த மென்பொருளிலும் உடையாது. அழைப்பிதழ், பிறந்தநாள் பேனர் என்று எழுத்தோடு மல்லுக்கட்டுபவர், எழுத்தை மட்டும் கிம்ப்பிலோ, இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளிலோ செய்து பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்துக்கொண்டு போய் மற்றதில் ஒட்டலாம். சுற்று வழிதான், ஆனால் வேலை நடக்கும். என்ன, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

மூன்றாவது போட்டோபியா. இவான் குட்ஸ்கிர் என்ற ஒற்றை நிரலர் 2013இல் வெளியிட்டு இன்றுவரை வளர்த்துவருவது. பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம், பார்ப்பதற்கு அச்சு அசல் போட்டோஷாப். படம் எந்த சர்வருக்கும் போவதில்லை. உங்கள் கணினியிலேயே எல்லாம் நடக்கிறது. ஓரத்தில் விளம்பரம் வரும், அது வேண்டாமென்றால் மாதம் 5 டாலர்.

இதன் அருமை பிஎஸ்டி ஃபைல் கையில் வரும்போதுதான் தெரியும். கரிஷ்மா என்னும் கல்யாண ஆல்பத்துக்கு விற்கும் 12க்கு 36 அங்குல பிஎஸ்டி டெம்ப்ளேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் படம் வர வேண்டிய கட்டம் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக இருக்கும். போட்டோபியாவில் அந்த லேயரை இரட்டைச் சொடுக்கு செய்தால் தனியாகத் திறக்கும். மணமக்கள் படத்தை உள்ளே வைத்துச் சேமித்தால், சாய்வு, நிழல், பார்டர் எல்லாவற்றோடும் தாளில் வந்து உட்கார்ந்துவிடும். கிம்ப் 3.0இல் அதே ஃபைலைத் திறந்தால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வெறும் படமாகத் தட்டையாகிவிடும். கட்டத்தை நீங்களே அளந்து மாஸ்க் போட வேண்டும். ஆனால் அதே ஆல்பம் தாள்தான் போட்டோபியாவின் முழியையும் பிதுக்கும். 300 டிபிஐ-யில் 12க்கு 36 என்பது 3600க்கு 10800 பிக்சல், கிட்டத்தட்ட 39 மெகாபிக்சல். அழுத்தாத ஒரு லேயர் மட்டும் குறைந்தது 117 எம்பி அளவுக்கு நினைவகத்தைப் பிடிக்கும். இருபது லேயர் அடுக்கினால் 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் பிரவுசர் மூச்சுவிடத் திணறும், டேப் செத்தால் சேமிக்காததெல்லாம் அதோடு போச்சு. ஒன்றிரண்டு தாள் திருத்த, அவசரத்துக்கு நெட் சென்டரில் உட்கார்ந்து ஒரு பிஎஸ்டி-யில் பெயர் மாற்ற, பள்ளிக்கூடக் கணினியில் பிள்ளைகளுக்கு லேயர் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நாற்பது தாள் ஆல்பத்துக்கு இது ஆகாது.

அச்சுக்குப் போகும் வேலை என்றால் இன்னொரு விஷயம். ஆல்பம் போடும் லேபுகள் பெரும்பாலும் திரைக்கான வழக்கமான நிற முறையான எஸ்ஆர்ஜிபி-யில் உள்ள ஜேபெக்கையே வாங்கிக்கொள்கின்றன, அதற்கு மூன்றுமே போதும். ஆஃப்செட் அச்சகம் சிஎம்ஒய்கே கேட்கும். கிம்ப்பில் சிஎம்ஒய்கே முறையில் நேரடியாக வேலை செய்ய முடியாது. அச்சில் எப்படி வரும் என்று திரையில் பார்த்துவிட்டு, ஏற்றுமதி செய்யும்போது மாற்றலாம், அவ்வளவுதான். பத்திரிகை, துண்டறிக்கை என்று அடிக்கடி அச்சகத்துக்கு அனுப்புபவர் அஃபினிட்டியை எடுப்பதே மேல். கருப்பு எழுத்து நான்கு மையும் கலந்த கருப்பாகப் போய், அச்சில் ஓரம் பிசிறடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ரா வேலை: டார்க்டேபிளா, கேமராவோடு வருவதா?

இங்கே ஒரு நடைமுறைச் சோதனை வைப்போம். மண்டபத்து வாசலில் எதிர்வெளிச்சத்தில் எடுத்த படம். மாப்பிள்ளையின் வேட்டி வெள்ளையில் கரைகிறது, முகம் இருட்டு, மணப்பெண்ணின் அரக்கு நிறப் பட்டு, கேமரா பதியக்கூடிய சிவப்பின் உச்சத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. கல்யாணப் படம் எடுக்கும் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை.

டார்க்டேபிள் 2009இல் ஜொஹன்னஸ் ஹானிகா தொடங்கிய இலவச ரா மென்பொருள். கோடையில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு பதிப்பு ஒழுங்காக வருகிறது. விண்டோஸுக்கு 2017 டிசம்பரில்தான் வந்தது. இந்தப் படத்தை அதில் திறந்தால், முதலில் எக்ஸ்போஷரை முகத்துக்குத் தகுந்தாற்போல் ஏற்றுவீர்கள். வேட்டி முழுக்க வெள்ளையாகிவிடும், பயப்பட வேண்டாம். பிறகு ‘சிக்மாய்ட்’ என்ற மாட்யூல் (டார்க்டேபிளில் ஒவ்வொரு திருத்தக் கருவிக்கும் அந்தப் பெயர்தான்) அந்த வெளிச்சத்தை அச்சடிக்கக்கூடிய எல்லைக்குள் மெதுவாக மடித்துக் கொண்டுவரும். டோன் ஈக்வலைசர் மாட்யூலில் மவுஸை முகத்தின் மேல் வைத்துச் சக்கரத்தை உருட்டினால், அந்த அளவு வெளிச்சம் உள்ள இடங்கள் மட்டும் ஏறும். வேட்டியின் மடிப்பு திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். முகத்தை மட்டும் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுக்கும் லைட்ரூமின் சுகம் வேறுதான். ஆனால் ஒளியின் அளவை வைத்து மாஸ்க் எடுக்கும் இந்த முறையில் தலைமுடி ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுவது குறைவு.

அரக்குப் பட்டுதான் சோதனை. டார்க்டேபிளில் எதையும் தொடாமல் ஏற்றுமதி செய்தால் நிறம் கேமராத் திரையில் பார்த்த மாதிரி இருக்காது. அது வேண்டுமென்றே நடுநிலையில் தொடங்குகிறது. நிறத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், அதற்கு எந்த மாட்யூல் என்று தெரிந்திருக்க வேண்டும், மாட்யூல்களோ எக்கச்சக்கம். கையேட்டைப் படிக்காமல் டார்க்டேபிளில் இறங்குபவர்கள் இரண்டாவது நாள் அழித்துவிடுவார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது, பலர் திரும்பியே பார்க்காத ஒன்று: கேமரா நிறுவனம் இலவசமாகத் தரும் மென்பொருள். கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல், நிகானுக்கு 2021இல் வந்த என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கேமராவில் வைத்த பிக்சர் ஸ்டைல், அதாவது நிற அமைப்பு, அப்படியே இங்கே வரும். பட்டின் நிறம் எதுவும் செய்யாமலே கேமராத் திரையில் பார்த்தபடி இருக்கும். தோல் நிறமும் அப்படியே. ஆமை வேகம், வசதி குறைவு, வேறு பிராண்டின் ரா ஃபைலைச் சீண்டாது. ஆனால் ஒரே கேமரா வைத்திருக்கும் ஆர்வலருக்கு, இங்கே நிறத்தை முடித்து, தரம் குறையாத 16 பிட் டிஃப் ஃபைலாக எடுத்துக் கிம்ப்புக்கோ அஃபினிட்டிக்கோ கொண்டுபோவது சுருக்கமான வழி.

ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் எழுதி 2010இல் திறமூலமாக்கிய ராதெரப்பி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கூர்மையும் நுண்விவரமும்தான் அதன் பலம். பறவை, பூச்சி, கோயில் சிற்பம் எடுப்பவர்கள் ஒருமுறை பார்க்கலாம். ஆயிரம் படத்தைப் பிரித்து அடுக்கும் வேலைக்கு அது தோதில்லை.

இலவசம் தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். மங்கலான மண்டபத்தில் ஐஎஸ்ஓ 6400க்கு மேல் போய் எடுத்த படங்களில் நாய்ஸ் நீக்குவது. லைட்ரூமில் 2023இல் வந்த ஏஐ டினாய்ஸ், டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் டீப்பிரைம் இரண்டுக்கும் பக்கத்தில் டார்க்டேபிளின் நாய்ஸ் நீக்கம் வர முடியவில்லை. ராத்திரி ரிசப்ஷன்தான் உங்கள் பிழைப்பு என்றால் டிஎக்ஸ்ஓ போட்டோலேப்பை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிடுவது வருடக்கணக்கில் சந்தா கட்டுவதைவிடக் குறைவாக முடியும்.

போனிலேயே எடுத்துப் போனிலேயே முடிப்பவருக்கு ஸ்னாப்சீட் என்ற இலவசச் செயலி போதும். அதற்கு மேல் அவருக்கு இந்த அலசலில் வேலை இல்லை.

இலவசத்திலும் வகை உண்டு. ஸ்னாப்சீடை உருவாக்கிய நிக் சாஃப்ட்வேர் நிறுவனத்தை கூகுள் 2012இல் வாங்கியது. அவர்களின் நிக் கலெக்‌ஷன் ஃபில்டர்களை 2016 மார்ச்சில் எல்லோருக்கும் இலவசமாக்கியது. ஊரே இறக்கி வைத்துக்கொண்டது. அடுத்த வருடம் இனி மேம்படுத்த மாட்டோம் என்றார்கள், 2017 அக்டோபரில் டிஎக்ஸ்ஓ வாங்கியது, 2018இல் மறுபடி விலைக்கு வந்துவிட்டது. அஃபினிட்டியை கேன்வா இலவசமாகத் தருவது நல்ல விஷயம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் வியாபார முடிவு. கிம்ப்பும் டார்க்டேபிளும் இலவசமாக இருப்பது உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. அஃபினிட்டியின் சொந்த வடிவ ஃபைலோடு ஒரு பிஎஸ்டி அல்லது டிஃப் நகலும் வைத்துக்கொள்வது பத்து விநாடி வேலை.

என்னைக் கேட்டால்: சொந்தமாக ஆல்பம் டிசைன் செய்யும் ஸ்டுடியோவுக்கு அஃபினிட்டி, வெளியிலிருந்து வரும் டெம்ப்ளேட்டுக்குப் போட்டோபியா. தமிழ் எழுத்து வேலைக்கும் பழைய கணினிக்கும் லினக்ஸுக்கும் கிம்ப். ராவுக்கு, பொறுமை இருந்தால் டார்க்டேபிள், இல்லாவிட்டால் கேமராவோடு வந்தது.

லைட்ரூம் சந்தாவை நிறுத்துவதாக முடிவு செய்துவிட்டால், நிறுத்தும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். சந்தா முடிந்த பிறகும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். படம் திருத்தும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டிக்கொள்ளும். எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து மெட்டாடேட்டாவை ஃபைலில் சேமிக்கும் கட்டளையைக் கொடுத்தால் நட்சத்திரக் குறி, தலைப்பு, டேக் எல்லாம் எக்ஸ்எம்பி ஃபைலாக ராவுக்குப் பக்கத்தில் வந்துவிடும், டார்க்டேபிள் அவற்றைப் படித்துக்கொள்ளும். நிறத் திருத்தங்களில் கொஞ்சம்தான் அப்படி வந்து சேரும், பெரும்பகுதி வராது. அதனால் முடித்த படங்களில் முக்கியமானவற்றை மட்டும் 16 பிட் டிஃபாக எடுத்துத் தனி ஹார்ட் டிஸ்கில் போடுங்கள். 24 மெகாபிக்சல் படம் ஒன்று அழுத்தாத டிஃபில் 140 எம்பி-யைத் தாண்டும், ஆயிரம் படம் என்றால் 140 ஜிபி-க்கு மேல். டிஸ்கை அந்தக் கணக்கில் வாங்குங்கள்.